வெந்நீர் ஊற்றும் முப்பது கோடி டாலரும்

2020-ல் மூக்குக்குள்ள குச்சியை விட்டுக் குடைஞ்சாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த ஆர்டி-பிசிஆர் டெஸ்டுக்குப் பின்னால ஒரு வெந்நீர் ஊற்றோட கதை இருக்கு.

இடம்: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. இவ்வளவு சூட்டில் எந்த உயிர் இருக்கப் போகுதுன்னு பலரும் நினைத்திருந்த காலம். தாமஸ் பிராக் என்ற பேராசிரியர் 1966-ல் தன் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸுடன் சேர்ந்து, 'மஷ்ரூம் ஸ்பிரிங்' என்ற ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 70 டிகிரியில் அது ஜம்முன்னு வளர்ந்தது! 1969-ல் 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயரிட்டு கட்டுரை எழுதினார்கள். சாம்பிளை ஒரு பொதுச் சேமிப்பகத்தில் கொடுத்து வைத்தார்கள். காப்புரிமை எதுவும் இல்லை.

இப்போ 1983. சீட்டஸ் கம்பெனியில் வேலை பார்த்த கேரி முல்லிஸுக்கு டிஎன்ஏவை நகலெடுக்க ஒரு யோசனை வந்தது. நம்ம பாஷையில் சொன்னா ஒரு லூப். சூடாக்கினா இரண்டு இழையும் பிரியும். ஆறினதும் ஒரு என்சைம் ஒவ்வொன்றுக்கும் ஜோடி இழையைக் கட்டும். மறுபடி சூடாக்கு. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்று ஓடினா, கணக்குப்படி ஒன்று 107 கோடிக்கு மேல!

ஆனா லூப்புல ஒரு பக். 95 டிகிரி சூட்டில் என்சைம் செத்துடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆள் நின்று புதுசா ஊத்தணும். அந்த பக்கை சரி பண்ணினது யெல்லோஸ்டோன் பாக்டீரியாவோட என்சைம்தான். அது அந்தச் சூட்டையும் தாங்கும். ஒரு தடவை ஊத்தினா போதும், மிஷின் தானா ஓடும்.

1991-ல் ரோச் நிறுவனம் பிசிஆர் உரிமையை 30 கோடி டாலருக்கு வாங்கியது. 1993-ல் முல்லிஸுக்கு நோபல். பிராக்குக்கும் பூங்காவுக்கும் இதில் ஒரு சல்லிக்காசு கிடையாது. சுதாரித்த பூங்கா, 1997-ல் வேறொரு கம்பெனியோடு வருமானத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போட்டது.

முதலில் படிச்சப்ப 'அநியாயம்டா சாமி' என்றுதான் தோணுச்சு. பூங்காவுக்குப் பங்கு போயிருக்கணும், அதுல மாற்றுக்கருத்து இல்லை. ஆனா பிராக் அந்தக் குப்பியைப் பூட்டி வைத்திருந்தா? கேட்டவங்களுக்கெல்லாம் கிடைத்ததால்தானே அது சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது!

வெந்நீரில் என்ன வாழுதுன்னு பார்க்கப் போன மனுஷன் அவர். 'இதனால என்ன பிரயோஜனம்?' என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தா, அவரிடம் பதில் இருந்திருக்காது. அதுக்காக அவரைப் போக விடாம தடுத்திருந்தா, நஷ்டம் யாருக்கு? நீங்களே சொல்லுங்க மக்களே.