சுவருக்கு வெளியே: நம்ம தென்னாற்காட்டில் திருச்சபைகள் செய்த பணி



நம் நெய்வேலி புது ஊர். 1956-ல் நிறுவனம் பிறந்தது. 1957-ல் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அதன்பிறகு எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் நம்மில் பாதிப்பேர். பிளாக் பிளாக்காக வீடுகள் எழுந்தபோது கோயில், மசூதி, மாதா கோயில் என்று எல்லாமும் கூடவே எழுந்தன. ஆனால் ஊர் புதிதானாலும் மண் பழையது. 1993-ல் இரண்டாகப் பிரியும் வரை தென்னாற்காடு என்று நாம் முகவரி எழுதிய மாவட்டத்துக்கும், அதைச் சுற்றியுள்ள கரையோரத்துக்கும், கிறிஸ்தவத் திருச்சபைகளோடு சுமார் 300 ஆண்டு உறவு உண்டு. மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. என்றாலும், மதம் மாறாத அக்கம்பக்கத்தாருக்கு அவர்களால் என்ன நன்மை கிடைத்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் மொழியைக் கற்றார்கள்

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1708-ல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். "உங்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, அதை இங்கே பரப்ப இல்லை" என்கிற தோரணையில் மேலிடம் அதை ஓரங்கட்டி விட்டது. 1867-ல்தான் அது அச்சேறியது. பக்கத்து வீட்டுக்காரன் என்ன நம்புகிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே அன்று குற்றமாகப்பட்டிருக்கிறது, பாருங்கள்!

நமக்கு இன்னும் பக்கத்தில், விருத்தாசலம் வட்டாரத்துக் கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா கோயில், இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரின் பெயரோடு சேர்ந்தது. தேம்பாவணி பாடியவர் என்று பள்ளியில் படித்தோம். அதோடு 1732-ல் சதுரகராதி தந்தவரும் அவரே. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அதனால் எ, ஏ குழப்பம், ஒ, ஓ குழப்பம். நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அதைத் தீர்த்தார். இன்று "ஏ" என்று எழுதுகிற ஒவ்வொருவருக்கும், எந்தச் சாமி கும்பிட்டாலும், அதில் பங்கு உண்டு.

பிறகு பெண்கள்

குளூனி பள்ளி நம்ம டவுன்ஷிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? ஆன் மரி ஜவூஹே என்ற பிரெஞ்சு அம்மையார் தொடங்கிய சபை அது. அந்தச் சகோதரிகள் 1827-லேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள். 1844-ல் அதே புதுச்சேரியில் துய்ப்புயி என்ற பாதிரியார், தமிழ்ப் பெண்களையே கொண்டு, தமிழ்ப் பெண்களுக்குக் கல்வி தர ஒரு சகோதரிகள் சபையைத் தொடங்கினார். எழுத்துப் படிப்பு தேவரடியார்க்கு மட்டும்தான் என்று குடும்பங்கள் நினைத்த காலம் அது. அந்த எதிர்ப்புக்கு நடுவில்தான் பள்ளி நடந்தது.

திண்டிவனத்துக் கதை நம்ம மாவட்டக் கதை. 1890-களில் அங்கே மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடரின் மகள் ஐடாவை ஒரே இரவில் மூன்று பேர் வந்து அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தவர். மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர்; அப்பா வரட்டும் என்றால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, வேலூரில் ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். அதுதான் இன்றைய சி.எம்.சி. "வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நம் வீடுகளில் சொல்லும்போது யாரும் மதம் பார்ப்பதில்லை.

உள்ளே ஒரு சுவர்

புகழ் மட்டும் பாடினால் அது வரலாறு ஆகாது. இதே திருச்சபைகள் சாதியையும் உள்ளே விட்டன. தரங்கம்பாடிக் கோயிலிலேயே சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், 1872-ல் கட்டிய கோயிலுக்குள் இரண்டு சாதிக்கு நடுவே சுவர் இருந்தது. 1910-ல்தான் அதை இடித்தார்கள். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கார்ல் ஓக்ஸ் என்பவர் சாதிப் பிரச்சினையில் ஒத்துப்போகாமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகினார். 1860-களின் தொடக்கத்தில், நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேலையைத் தொடங்கினார். அதை டேனிஷ் மிஷன் எடுத்து நடத்தியது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்ததுதான்.

ஆக, கணக்குப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மொழி, படிப்பு, மருந்து என்று திருச்சபை கதவைத் திறந்து வைத்த இடத்தில் ஊர் முழுக்கப் பயன் பெற்றது. சுவர் எழுப்பிய இடத்தில் தன் ஆட்களுக்கே உதவாமல் போயிற்று.

நமக்கு என்ன?

இதை டவுன்ஷிப்காரர்களாகிய நாம் நமக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். நமக்கு நல்ல ரோடு, நல்ல பள்ளி, ஆஸ்பத்திரி. எல்லையைத் தாண்டினால் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள். வீட்டிலேயே முதல் முறையாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள். இவர்களுக்கு நம் வழிபாட்டுத் தலங்கள் என்ன செய்யலாம்? வாரத்தில் ஆறு நாள் மாலையில் பூட்டிக் கிடக்கும் தேவாலயக் கூடத்தில் ட்யூஷன் நடக்கலாம். 2004 சுனாமியும், 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயலும் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யார் மறப்பார்? அடுத்த புயலுக்கு முன்பே, எந்தக் கான்கிரீட் கூடம் யாருக்கு, சாவி யாரிடம் என்று பேசி வைக்கலாம். கோயிலும் பள்ளிவாசலும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஒரு நிபந்தனை மட்டும்: வருகிறவரிடம் மதம், சாதி கேட்கக் கூடாது.

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டியதே இல்லை. சீகன்பால்கின் நூல் அச்சேறிய அதே 1867-ல், நமக்கு அடுத்த வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கினார். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. பசியோடு வருகிறவரை யார் என்று கேட்காத வழக்கம் அங்கே உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் செய்த நல்லதும், நம்ம மண்ணிலேயே முளைத்த நல்லதும் ஒரே இடத்தில்தான் வந்து சேருகின்றன. இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் நாம் ஊர் திரும்பும் முன், எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்தின் பெயரையாவது கேட்டு எழுதிக்கொண்டு போவோம். அங்கே ட்யூஷனுக்கு ஆள் தேவை என்றால், அடுத்த சந்திப்பில் அந்தப் பிள்ளைகளையும் மேடைக்குக் கூப்பிடலாம்.