பைஎஸ்பிஎச்

பைஎஸ்பிஎச் என்பது பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்த உதவும் ஒரு கட்டற்ற மென்பொருள் ஆகும். மும்பை ஐஐடியின் வான்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியர் பிரபு ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும் இதனை உருவாக்கினர். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற இவர், மயாவி என்னும் முப்பரிமாணக் காட்சிப்படுத்தல் மென்பொருளையும் எழுதியவர். பயனர் தமக்கு வேண்டிய சமன்பாட்டைப் பைத்தான் செயற்கூறாக எழுதிச் சேர்க்க இயல்வது பைஎஸ்பிஎச்சின் சிறப்பாகும். எழுதப்படுவது பைத்தான் எனினும் கணினியில் ஓடுவது பைத்தான் அன்று. புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

துகள் முறை

இம்மென்பொருள் பயன்படுத்தும் எஸ்பிஎச் முறை 1977 இல் விண்மீன்களை ஆராய்வதற்காக முன்வைக்கப்பட்டது. இதில் பாய்மம் வலைக்கண்களாகப் பிரிக்கப்படுவதில்லை. நகரும் துகள்களாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு துகளின் முடுக்கமும் அதன் அண்டைத் துகள்களைக் கொண்டு கணிக்கப்படும். சிதறி விழும் நீருக்கு இம்முறை இயல்பாகவே பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஏரியிலிருந்து வழியும் நீர் கிளியூர் அருவியாகச் சுமார் 300 அடி (90 மீட்டர்) விழுகிறது. காற்றின் தடையைப் புறக்கணித்தால் அடிவாரத்தில் நீரின் வேகம் நொடிக்கு 42 மீட்டர் ஆகும். நீரைச் சற்றே அமுங்கும் பொருளாகக் கொள்ளும் கணக்கில், செயற்கை ஒலிவேகத்தை நீரின் உச்ச வேகத்தைப் போல் பத்து மடங்கு, அதாவது 420 மீட்டர், என வைப்பது வழக்கம். துகள் அளவு 10 செ.மீ. எனில் காலப்படி ஏறத்தாழ 0.00006 நொடிதான். நீர் விழும் 4.3 நொடிக்கு 72,000 படிகள் வேண்டும். ஒரு லட்சம் துகள்களுக்குத் தலா 100 அண்டைத் துகள்கள் என்றால், செயற்கூறு 72,000 கோடி முறை அழைக்கப்படும். ஓர் அழைப்புக்கு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஆனாலும் மொத்தம் எட்டு நாட்களுக்கு மேல் ஆகும். (இது விளக்கத்துக்கான கணக்கு, அருவியைப் பற்றிய ஆய்வு முடிவு அன்று.)

ஆகவே பைஎஸ்பிஎச் பயனரின் செயற்கூற்றைப் படித்து, அதனைச் சைத்தன் அல்லது ஓப்பன்சிஎல் நிரலாக மாற்றி, தொகுத்த பின்னரே இயக்குகிறது.

செயற்கூறு எழுதுதல்

சமன்பாடு ஒரு வகுப்பாக எழுதப்படும். அதில் 'இனிஷியலைஸ்' தொடக்க மதிப்பை இடும். 'லூப்' ஒவ்வோர் அண்டைத் துகளுக்கும் ஒருமுறை ஓடும். 'போஸ்ட் லூப்' இறுதியில் துகளுக்கு ஒருமுறை ஓடும். அளபுருக்களின் பெயர்களை விருப்பம்போல் இட இயலாது. 'டி_' எனத் தொடங்குவது கணிக்கப்படும் துகளின் அணியையும், 'எஸ்_' எனத் தொடங்குவது அண்டைத் துகளின் அணியையும் குறிக்கும். மாற்றி ஓடுவதால் இச்செயற்கூறுகளுக்குள் பைத்தானின் பட்டியல், அகராதி போன்றவற்றைப் பயன்படுத்தவும் இயலாது. இல்லாத அணியின் பெயரை எழுதினால் மென்பொருளே தடுத்துவிடும்.

தடுக்காத பிழையே ஆபத்தானது. மேற்கண்ட அருவிக்குக் காற்றுத் தடையைச் சேர்க்க, வேகத்தின் இருமடிக்கு ஏற்ற எதிர்முடுக்கத்தைப் 'போஸ்ட் லூப்'பில் எழுதலாம். அங்கே முடுக்கத்துடன் 'கூட்டுக' என்பதற்குப் பதிலாக 'சமம்' என இட்டால், அதுவரை சேர்ந்த விசைகள் அழிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. புவியீர்ப்பும் 'போஸ்ட் லூப்'பிலேயே சேர்க்கப்படுவதால், அச்சமன்பாட்டுக்குப் பின் தடை வரிசைப்படுத்தப்பட்டிருந்தால் புவியீர்ப்பும் மறையும். முன் வந்திருந்தால் அழுத்த விசை மட்டும் மறையும். இதைக் கண்டறிவது கடினம், ஏனெனில் நீர் அப்போதும் கீழே விழத்தான் செய்கிறது.

எனவே இரு சோதனைகள் தேவை. தடைக் கெழு 0.0245 எனக் கொண்டு, ஒரே ஒரு துகளை 90 மீட்டர் விழச் செய்தால் அதன் வேகம் நொடிக்கு 19.9 மீட்டராக இருக்க வேண்டும். புவியீர்ப்பு அழிந்திருந்தால் துகள் இட்ட இடத்திலேயே நிற்கும். அடுத்து, ஒரு தொட்டியில் அசையாத நீரை நிரப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். அழுத்த விசை அழிந்திருந்தால் நீர்மட்டம் தானாகவே சரிந்து துகள்கள் அடியில் குவியும்.