வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு

ஒரு காணி. அரசாங்கமே எழுதிக் குடுத்த உறுதி இருக்கு. சுற்றிவர வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு. அந்த ஆற்றில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த சனம் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்குது. "இது என்ர காணி, இதுக்குள்ளால போகேலாது" எண்டு காணிக்காரர் சொல்றார். சட்டம் யாருடைய பக்கம் நிற்கும்?

உறுதி வைத்திருப்பவர் பக்கம்தானே எண்டுதான் எங்களில் அனேகமான ஆக்கள் சொல்லுவம். 1905ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் வேறு பதில் சொன்னது. அந்தப் பதிலையும், அதற்குப் பிறகு அந்த ஆற்றுக்கு என்ன நடந்தது என்பதையும் பற்றித்தான் கதைக்கப் போறம்.

கொலம்பியா ஆறு கனடாவின் மலைகளில் தொடங்கி, இன்றைய வொஷிங்டன், ஒரேகன் மாநிலங்களுக்கு இடையால் ஓடிப் பசுபிக் கடலில் விழுகிறது. கடலில் வளர்ந்த சமன் மீன்கள் முட்டையிடுவதற்காக இந்த ஆற்றை எதிர்த்து மேலே ஏறும். (கடையில 'செமன் ரின்' எண்டு நாங்க வாங்கிறதுக்குள்ள அனேகமா இருக்கிறது வேற மீன். இது அசல் சமன்.) அவை போகும் வழியில் சிலைலோ அருவி இருந்தது. ஆறு பாறைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கொட்டும் இடம் அது. மேலே போகவேணும் எண்டா மீன் அதில துள்ளித்தான் ஆகவேணும். அங்கே பாறைகளில் இருந்து தண்ணீருக்கு மேலாக மரத்தட்டுகளைக் கட்டி, அதில் நின்று நீண்ட பிடி போட்ட கைவலைகளால் பூர்வகுடி மக்கள் மீனை அள்ளினார்கள். அங்கே அடிக்கும் காற்றிலேயே மீனைக் காயவைத்து, இடித்து, மாரிக்குச் சேர்த்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்தது. தூர இடங்களில் இருந்தெல்லாம் வியாபாரத்துக்குச் சனம் அங்கே வந்து கூடியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேணும். அந்த இடம் யாரும் எப்படியும் மீன்பிடிக்கிற இடமாக இருக்கவில்லை. இந்தப் பாறை இந்தக் குடும்பத்துக்கு, அந்தத் தட்டு அந்தக் குடும்பத்துக்கு என்று வழிவழியாக வந்த முறை இருந்தது. வெளியாள் வந்தால் கேட்டுத்தான் வலை போடுவார். காகிதத்தில் எழுதின உறுதி இல்லையே தவிர, உரிமை இருந்தது. ஒழுங்கும் இருந்தது.

1855 யூன் 9ஆம் திகதி, வொஷிங்டன் பிரதேசத்தின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்சுக்கும் யாக்காமா என்ற பெயரின் கீழ் சேர்க்கப்பட்ட 14 குலங்களுக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை யாக்காமா மக்கள் அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தாங்கள் வாழ்வதற்கு ஒரு பகுதியை வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். வழமையாக மீன்பிடித்து வந்த எல்லா இடங்களிலும், அந்தப் பிரதேசத்தின் குடிமக்களோடு 'பொதுவாக', மீன்பிடிக்கும் உரிமை. மீனைப் பதப்படுத்தத் தற்காலிகக் கொட்டில் போடும் உரிமையும் அதில் இருந்தது. எங்கட கரைகளில இருக்கிற வாடி மாதிரி எண்டு வையுங்கோ.

அந்தப் 'பொதுவாக' என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கோ. இனி வரப்போகிற சண்டை எல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசாங்கம் ஆற்றங்கரைக் காணிகளை அளந்து குடியேறியவர்களுக்குக் குடுக்கத் தொடங்கியது. காணி எடுத்தவர்கள் வேலி போட்டார்கள். 1887இலேயே இப்படி ஒரு வேலி நீதிமன்றம் வரை போய், யாக்காமா மக்களின் வழி காப்பாற்றப்பட்டது. ஆனால் வேலி போடுவது நிற்கவில்லை. 1889இல் வொஷிங்டன் ஒரு மாநிலம் ஆனது. அருவிக்குக் கிட்ட ஆற்றங்கரைக் காணிகளை வைத்திருந்த வைனன்ஸ் சகோதரர்கள் மாநில அரசிடம் அனுமதிப்பத்திரம் எடுத்து, ஆற்றில் மீன் சக்கரங்களைப் பூட்டினார்கள். ஆற்றோட்டமே சுழற்றும் பெரிய சக்கரம் அது. அதில் பொருத்திய வலைக்கூடைகள் ஏறிவரும் மீனை அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டே இருக்கும். மனுசர் நித்திரை கொண்டாலும் சக்கரம் நித்திரை கொள்ளாது. தங்கள் காணிக்குள்ளால் ஆற்றுக்குப் போக யாக்காமா மக்களை அவர்கள் விடவில்லை.

யாக்காமா மக்களுக்காக அமெரிக்க மத்திய அரசே வழக்குப் போட்டது. காணிக்கு உறுதி எழுதிக் குடுத்ததும் அதே அரசுதான்!

வைனன்ஸ் தரப்பின் வாதங்களைச் சும்மா தள்ளிவிட ஏலாது. முதலாவது: எங்கள் உறுதியில் 'யாக்காமா மக்களுக்கு வழி விடவேண்டும்' என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது: ஒப்பந்தம் 'குடிமக்களோடு பொதுவாக' என்றுதான் சொல்கிறது. ஒரு சாதாரணக் குடிமகன் எங்கள் காணிக்குள்ளால் போக ஏலுமா? ஏலாது. அப்போ இவர்களாலும் ஏலாது. எல்லோருக்கும் ஒரே சட்டம். மூன்றாவது: வொஷிங்டன் இப்போது மற்ற மாநிலங்களுக்குச் சமமான மாநிலம், பழைய பிரதேச காலத்து வாக்குறுதி அதைக் கட்டுப்படுத்தாது.

இரண்டாவது வாதத்தைத் திரும்பவும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு! ஆனால் அது செய்த வேலை என்ன? ஒரு கோடி ஏக்கரை விட்டுக்கொடுத்து வைத்துக்கொண்ட உரிமையை, எதையும் கொடுக்காத ஒருவனின் உரிமையோடு சமப்படுத்தி இல்லாமல் ஆக்குவது. சமத்துவம் என்ற சொல்லை வைத்தே ஒரு மக்களின் கையில் இருப்பதைப் பறிக்கலாம் என்பதற்கு இதைவிட வடிவான உதாரணம் கிடைக்காது.

கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றம் 1905 மே மாதம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் ஜோசப் மக்கென்னா. ஒரேயொரு நீதியரசர்தான் மாறுபட்டார். தீர்ப்பின் மையம் இதுதான்: ஒப்பந்தம் பூர்வகுடிகளுக்கு அரசு வழங்கிய உரிமைப் பட்டியல் கிடையாது. எல்லா உரிமையும் முதலில் அவர்களிடம் இருந்தது. அதில் சிலவற்றை அவர்கள் அரசுக்குக் குடுத்தார்கள். குடுக்காதவை அவர்களிடமே இருக்கின்றன. மீன் அவர்களுக்கு மூச்சுக்காற்றுக்குக் கிட்டத்தட்டச் சமமான தேவையாக இருந்தது, அதை இழக்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்திருப்பார்கள் என்று எப்படி நினைப்பது என்ற பார்வையில் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை வாசித்தது.

அப்போ உறுதியில் வரி இல்லாததற்கு என்ன பதில்? யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் 'வழி வாய்க்கால்' உரித்து எண்டு எழுதியிருக்கிறதைப் பாத்திருப்பீங்கள். காணி ஒருவருக்குச் சொந்தம், அதுக்குள்ளால போற வழியும் தண்ணியும் இன்னொருவருக்கும் உரித்து. அதே மாதிரி, இந்த ஒப்பந்தம் ஆற்றங்கரையில் உள்ள அந்த நிலங்கள் மீது ஒரு வழியுரிமையை முன்கூட்டியே ஏற்றிவிட்டது என்றது நீதிமன்றம். அரசு அந்த நிலத்தை வாங்கும்போதே அந்தப் பாரத்தோடுதான் வாங்கியது. தன்னிடம் இல்லாததை அது வைனன்சுக்கு விற்க ஏலாது. காணி அவர்களுடையதுதான். ஆனால் யாக்காமா மக்களை வெளியே நிறுத்தும் உரிமை அந்த உறுதிக்குள் ஒருநாளும் இருக்கவில்லை.

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லாயிருக்கும்.

ஆற்றுக்குப் போகும் வழி கிடைத்தது. ஆறு? 1957 மார்ச் 10ஆம் திகதி, அருவிக்குக் கீழே கட்டப்பட்ட தி டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டன. மின்சாரம், கப்பல் போக்குவரத்து என்று காரணங்கள் இருந்தன. சில மணித்தியாலங்களில் சிலைலோ அருவி தண்ணீருக்குள் போனது. பாறை, தட்டு, வழிவழியாக வந்த இடம் எல்லாம் போனது. பாதிக்கப்பட்ட நான்கு பூர்வகுடி இனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் டொலர் நட்டஈடு. வேலியை வழக்குப் போட்டு வெல்லலாம். ஆனால் தாண்டிப் போறதுக்கு அந்தப் பக்கம் அருவியே இல்லை எண்டா?

ஆனாலும் அந்த ஒப்பந்த வாசகம் சாகவில்லை. ஸ்டீவன்ஸ் வடக்கே பியூஜெற் சவுண்ட் கரையோர மக்களோடு செய்த ஒப்பந்தங்களிலும் அதே 'பொதுவாக' இருந்தது. அங்கே மாநில அரசு, மீன்வளப் பாதுகாப்பு என்று சொல்லிப் பூர்வகுடி மீனவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் 1945இல் முதன்முதல் பிடிபட்டபோது அவருக்கு 14 வயது. பிறகு 50 தடவைக்கு மேல் பிடிபட்டார். 1960களில் இளம் ஆக்கள் பலர் தடையை மீறி வலை போட்டுப் போராடினார்கள். 1974இல் நீதிபதி ஜோர்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார்: 'பொதுவாக' என்றால் பகிர்ந்துகொள்வது. பிடிக்கக்கூடிய மீனில் பாதி வரை ஒப்பந்த மக்களுக்கு உரியது. 1979இல் உயர் நீதிமன்றமும் பெரும்பாலும் அதையே உறுதிசெய்தது. ஒருகாலம் அவர்களை வெளியே தள்ளப் பாவிச்ச அதே சொல்!

கடைசியாக மீனின் வழி. மாநில வீதிகளுக்குக் கீழே ஓடைகள் போகும் மதகுகள், பின்னேரத்தில நாங்க குந்தியிருந்து கதைக்கிற மதகுகள் மாதிரித்தான், பல இடங்களில் சமன் ஏறிப்போக முடியாதபடி கட்டப்பட்டிருந்தன. மீன் வராத ஆற்றில் மீன்பிடி உரிமைக்கு என்ன அர்த்தம் என்று பூர்வகுடி இனங்கள் கேட்டன. 2018இல் உயர் நீதிமன்றம் 4க்கு 4 என்று பிரிந்ததால், மதகுகளைத் திருத்தவேண்டும் என்ற கீழ் நீதிமன்றத்தின் கட்டளை நிலைத்தது.

1905இல் மனுசருக்கு வழி. 2018இல் மீனுக்கு வழி. இரண்டுக்கும் நடுவில் 113 வருசம்.

அடுத்தமுறை ஆராவது ஒரு கரையில் வேலி போட்டு 'உறுதி இருக்கு' எண்டு காட்டினா, அதில என்ன எழுதியிருக்கு எண்டு மட்டும் பாத்தாக் காணாது. வித்தவர் கையில அதை விக்கிற உரிமை இருந்ததா எண்டும் கேக்கவேணும். அதைக் கேட்டதாலதான் யாக்காமா மக்கள் வென்றார்கள்.