சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கு: துடைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தஞ்சோங் பகாரில் இரு தலைமுறை வீவக வீடுகள் அருகருகே இருக்கின்றன. 1970களில் எழுந்த தஞ்சோங் பகார் பிளாசா ஒன்று. 2009ல் கட்டி முடிக்கப்பட்ட, 50 மாடிகளும் 1,848 வீடுகளும் கொண்ட பினக்கல் டக்ஸ்டன் மற்றொன்று. கட்டடங்களின் வயது வேறானாலும், தினமும் தாளிப்பும் பொரியலும் நடக்கும் சமையலறைகளில் ஒரு தொல்லை பொதுவானது. அடுப்புக்கு மேலுள்ள அலமாரிக் கதவைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில்தான் பலரும் இதைக் கவனிக்கிறார்கள். அவசரத்தில் கையில் கிடைத்ததைக் கொட்டித் தேய்க்கும்போது பிசுக்கோடு கதவின் மேற்பூச்சும் உரிந்து வந்துவிடுகிறது.

பிசுக்கு எப்படி உருவாகிறது?

சூடான எண்ணெயிலிருந்து எழும் நுண்துளிகள் நீராவியோடு மேலே சென்று, குளிர்ந்த பரப்பில் படிகின்றன. முதல் சில நாள்களுக்கு அது வெறும் எண்ணெய்தான். பிறகு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகிப் பிசினாகிறது; தூசும் அதில் ஒட்டி மஞ்சள் நிறமாகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கெட்டியாவதும் இதே முறையில்தான். சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் விரைவில் பிசினாகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் இறுகாது.

ஆகவே பிசுக்கின் வயதையும் கதவு எதனால் ஆனது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

வயதுக்கேற்ற முறை

புதிய பிசுக்கு (ஓரிரு வாரம்): ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, வெறும் நீரில் நனைத்த துணியால் மீண்டும் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும்.

சில மாதப் பிசுக்கு: மூன்று பங்கு சோடா உப்பு, ஒரு பங்கு நீர் சேர்த்துக் குழைத்துத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, மென்மையான பஞ்சால் துடைக்கலாம். கதவுக் கைப்பிடியைச் சுற்றியும் விளிம்புகளிலும் பழைய பல் துலக்கி உதவும்.

ஆண்டுக்கணக்கில் இறுகியது: சில துளி சமையல் எண்ணெயையே துணியில் தொட்டுத் தேய்த்தால் மேலடுக்கு இளகும். பிறகு சோப்பு நீரால் அந்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் கடைகளில் விற்கும் எண்ணெய் நீக்கும் திரவத்தைப் பயன்படுத்தலாம். அப்போது கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைப்பது அவசியம்.

தோட்டத்து வீடுகளில் விறகடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. சாம்பலில் உள்ள காரம்தான் எண்ணெயைக் கழற்றியது. சோடா உப்பும் காரமே. ஆனால் சாம்பலைப் போலக் கரகரப்பான எதையும் அலமாரிக் கதவில் தேய்க்கக்கூடாது. கீறல் விழுந்த இடத்தில் அடுத்த முறை பிசுக்கு இன்னும் ஆழமாகப் பிடிக்கும்.

கதவுக்கேற்ற கவனம்

லேமினேட் ஒட்டிய பலகை: நீர் வழிந்து விளிம்பில் இறங்கினால் உள்ளிருக்கும் மரத்தூள் பலகை ஊதிவிடும். ஊதிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது.

மரம்: சோப்பு நீரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மர இழையின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

அலுமினியம்: சலவைச் சோடா, காரமிக்க திரவங்கள் பட்டால் கறுக்கும்.

பளபளப்பான கதவு: சோடாக் குழைவும் இரும்புக் கம்பித் துலக்கியும் வேண்டாம்.

எதுவாயினும், கதவின் உட்புற மூலையில் சிறிது தடவிச் சோதித்த பிறகு தொடங்கலாம்.

ஆபத்துகள்

பிளீச்சோடு வினிகரைக் கலந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியாகும். அம்மோனியா உள்ள திரவத்தோடு பிளீச்சைக் கலப்பதும் ஆபத்தானது. அடைத்த சிறு சமையலறையில் இது மூச்சையே பாதிக்கும்.

துடைக்கும்போது அடுப்பை அணைத்து, அது ஆறிய பின்னரே தொடங்க வேண்டும். மேல் அலமாரிக்கு ஆட்டமில்லாத மடிப்பு ஏணி தேவை. சோப்பு நீர் சிந்திய தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். மூத்தோர் அதன்மேல் ஏறாமல் அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம்.

எல்லாவற்றிலும் பெரியது தீ. கவனிப்பின்றி அடுப்பில் விடப்படும் சமையல் வீட்டுத் தீச்சம்பவங்களுக்கு முக்கியக் காரணம் எனச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது. வாணலியில் பற்றிய தீக்கு, அடுப்பை ஒட்டிய பிசுக்கும் எண்ணெய் ஊறிய புகைபோக்கி வலையும் எரிபொருளாகின்றன. எரியும் எண்ணெயில் ஒருபோதும் நீர் ஊற்றக்கூடாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரியிறைக்கும். அருகே செல்வது பாதுகாப்பானதாக இருந்தால் அடுப்பை அணைத்து, மூடியால் வாணலியை மூட வேண்டும். இல்லையேல் வெளியேறி 995ஐ அழைக்க வேண்டும்.

மீண்டும் சேராமல் இருக்க

பொரிக்கத் தொடங்கும் முன்பே புகைபோக்கியை இயக்கி, முடிந்த பின் சில நிமிடம் ஓடவிடலாம். அதன் உலோக வலையை மாதம் ஒருமுறை சூடான சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். காற்றை வெளியேற்றாமல் உள்ளேயே சுழற்றும் வகையில் கரித்துண்டு வடிகட்டி இருக்கும். அது வாடையை மட்டுமே குறைக்கும். எண்ணெயைப் பிடிப்பது உலோக வலைதான்.

அலமாரியின் மேற்புறத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் அங்கே தேய்க்கும் வேலையே இராது. அடுப்புக்கு மிக அருகில் மட்டும் தாளைத் தவிர்க்க வேண்டும். வழித்தெடுத்த பிசுக்கையும் மீந்த எண்ணெயையும் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய தாளில் உறிஞ்சவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுவதே சரி.

வாரம் ஒருமுறை, இரவுச் சமையல் முடிந்து அடுப்பு ஆறியதும், சோப்பு நீர்த் துணியால் அடுப்பை ஒட்டிய கதவுகளை ஒருமுறை துடைத்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை வழக்கமாக்கிக்கொண்ட வீட்டில், தீபாவளி வாரத்தை முறுக்குச் சுடுவதற்கே ஒதுக்கிவிடலாம்.