சிர்வா பிறந்த கதை

ஃப்ளூ ஊசி போட்டால் இரண்டு நாள் கை வலிக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் நீடித்தது. சட்டை மாட்டக்கூடக் கை மேலே எழவில்லை. ஊசியைச் சந்தேகித்தவர்கள் குறைவு.

2007-ல் போடோர், மொன்டால்வோ என்ற இருவர் இப்படிப்பட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி 'வாக்சின்' என்ற ஆய்விதழில் எழுதினார்கள். இருவருக்கும் ஊசி மிக மேலே குத்தப்பட்டிருந்தது. தோள் எலும்பின் நுனிக்குக் கீழே, தசைக்கு அடியில், உராய்வைத் தடுக்கும் மெல்லிய பை ஒன்று உண்டு. தசைக்குள் போகவேண்டிய மருந்து அதற்குள் இறங்கினால், நோய் எதிர்ப்புச் சக்தி அங்கேயே வேலையைத் தொடங்கி, பை வீங்கிவிடும். எலும்பு நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே தள்ளிக் குத்தினால் இந்த வம்பு வராது. பழி மருந்தின் மேல் அல்ல, குத்திய இடத்தின் மேல்.

இதற்குப் பெயர் வந்தது நஷ்டஈட்டு மனுக்களிலிருந்து. கக்குவான் தடுப்பூசி வழக்குகளுக்குப் பயந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தயாரிப்பைக் கைவிட்டதால், 1986-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது. தடுப்பூசி தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் டோஸுக்கு 75 சென்ட் வரி. அந்த நிதியிலிருந்துதான் நஷ்டஈடு. கம்பெனியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான மனு என்றால், தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியே கொடுக்கும். நம் ஊரில் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு இது நம்ப முடியாத சலுகைதான்!

அங்கே வந்த மனுக்களில் 13 பேருடைய தோள்வலிக் கதை ஒன்றுபோல இருப்பதை மருத்துவர்கள் கவனித்து, 2010-ல் கட்டுரையாக்கினார்கள். அதில் வைத்த பெயரின் சுருக்கம்தான் 'சிர்வா'. 2017 மார்ச்சில் அது அரசின் பாதிப்புப் பட்டியலில் ஏறியது. முன்பு வலி இல்லாத தோளில், ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, அசைவும் குறைந்து, வேறு காரணமும் தெரியாவிட்டால், ஊசியால்தான் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும்.

மனுக்கள் குவிந்தன. ஊசி போடுபவரின் கைத்தவறுக்குத் தடுப்பூசி நிதி ஏன் பணம் தரவேண்டும் என்று சொல்லி, 2021 ஜனவரியில் பட்டியலிலிருந்து அதை நீக்க அரசு விதி போட்டது. பாதிக்கப்பட்டவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன லாபம்? ஏப்ரலில் அந்த விதியே ரத்தானது.

ஒரு கெடு மட்டும் கறார்: முதல் வலி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.