மேலுதைப்பு
பாய்மத்தில் அமிழ்ந்த பொருளை அப்பாய்மம் மேல்நோக்கித் தள்ளும் விசை. ஆழத்தோடு அமுக்கமும் கூடுவதால் பொருளின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட வலுவாகத் தள்ளப்படுகிறது. ஆக்கிமிடிஸ் தத்துவப்படி இவ்விசை இடம்பெயர்ந்த பாய்மத்தின் நிறைக்குச் சமம். ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 1 கிலோகிராம், கடல்நீர் 1.025, எனவே கடலில் கப்பல் சற்று உயர்ந்தே மிதக்கும்.

பொருளின் நிறையை மட்டும் வைத்து மிதப்பை விளக்குவது போதாது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலுக்குள் நீர் புகுந்தது. உள்ளிருந்த காற்றின் இடத்தை நீர் பிடிக்க, மேலுதைப்பு நிறைக்கு ஈடுகொடுக்கவில்லை. யூன் 2 இல் பின்பகுதி கடலடியைத் தொட்டது. அதிலிருந்து சிந்திய, பருப்பளவேயான பொலியெதிலீன் மணிகள் லீற்றருக்கு 0.92 முதல் 0.96 கிலோகிராம்வரை அடர்த்தி கொண்டவை. அதனால் அவை அமிழாமல் மிதந்து வந்து சரக்குவக் கரையை மூடின. நம் கடலுக்கு நேர்ந்த பெருங்கேடு அது.