ஊசியைக் காத்த மூன்று சுருள்விற்கள்

ரொறன்ரோவில் வாழும் என் பல்கலைக்கழக நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கேள்வியை எழுதியனுப்பியிருந்தார். தந்தையார் விட்டுச்சென்ற நாதஸ்வர இசைத்தட்டுகளைக் கேட்பதற்கென்று, நீண்ட காலம் சேமித்த பணத்தில் அவர் ரெக்கோட் பிளேயர், சீடி பிளேயர், அம்பிளிபயர், ஸ்பீக்கர் எனச் சகலவற்றையும் வாங்கியிருக்கிறார். இவை ஒவ்வொன்றின் அடியிலும் அதிர்வைத் தடுக்கும் விசேட கால்களை வைத்தால் இசை துலங்கும் என்று கடைக்காரர் சொல்கிறாராம். “மச்சான், எல்லாத்துக்கும் சேர்த்து கொழும்புக்கு ஒரு ரிக்கெற் காசு வருது. உண்மையா வித்தியாசம் இருக்கோ, இல்லை என்னைப் பேய்க்காட்டுறாங்களோ?” என்பது அவரது கேள்வி.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதிலளிக்கக்கூடிய விடயமல்ல இது. அதிர்வு என்பது கட்டுக்கதையுமல்ல. என் சிறுவயதில் எங்கள் வீட்டு ரேடியோகிராமில் பாட்டு ஓடும்போது நாங்கள் ஓடி விளையாடினால் ஊசி துள்ளும். அம்மா அதட்டுவார், அப்பா ஊசியின் தலைமீது ஒரு சதக்குற்றியை வைத்துவிடுவார். துள்ளல் நிற்கும், தட்டுத்தான் தேயும். பின்னர் நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயத்தில், நள்ளிரவில் கீழ்த்தளத்து அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் என் மேசையிலிருந்த தேநீரில் வளையங்கள் தோன்றும். கட்டடம் முழுவதும் அதிர்வைக் கடத்தும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்பட்டதில்லை.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் இசை கேட்பவர்களல்லர், விஞ்ஞானிகளே. 1881 இல் அல்பேர்ட் மைக்கல்சன் ஒளியின் வேகத்தில் பூமியின் இயக்கம் ஏதேனும் மாற்றத்தை ஏற்படுத்துகிறதா என்று அளக்கும் கருவியொன்றை பெர்லினில் நிறுவினார். நகரத்தின் போக்குவரத்து அதிர்வினால் நள்ளிரவு கடந்த பின்னரும் அவரால் ஒழுங்காக அளக்க முடியவில்லை. கருவியை பொட்ஸ்டாம் வானாய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். அங்கும் ஏறக்குறைய 100 மீற்றர் தொலைவில் ஒருவர் நடைபாதையில் காலை ஓங்கி மிதித்தால் ஒளிப்பட்டைகள் மறைந்துபோயின என்று எழுதினார். 1887 இல் கிளீவ்லண்டில் எட்வேர்ட் மோர்லியுடன் இணைந்து பரிசோதனையை மீண்டும் நடத்தியபோது, ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் சதுரமான மணற்கல் பலகையொன்றைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு அதன்மேல் கருவியை அமைத்தார். பௌதிக வரலாற்றின் புகழ்பெற்ற அந்த முடிவு, அதிர்வை அடக்கிய பின்னரே கிடைத்தது.

வீட்டு இசைக்கு இந்தத் தொல்லை பிந்தியே வந்தது. பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கும் மேற்பட்ட பாரத்துடன் தட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அதை இலகுவில் அசைக்க முடியாது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரத் தட்டை அறிமுகப்படுத்திய பின்னர் தட்டின் பள்ளங்கள் நுண்மையாகின, ஊசியின் பாரமும் சில கிராம்களாகக் குறைந்தது. தலைமயிரின் தடிப்பையொத்த ஒரு பள்ளத்துக்குள், ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான அசைவுகளையெல்லாம் அந்த ஊசி வாசிக்க வேண்டும். 1958 இல் ஸ்டீரியோத் தட்டுகள் வந்தன. அதுவரை பக்கவாட்டு அசைவை மட்டும் இசையாக மாற்றிய ஊசி, அதன்பின் மேலும் கீழுமான அசைவையும் மாற்றத் தொடங்கியது. மோட்டாரின் உறுமலும் நிலத்தின் நடுக்கமும் இசையோடு கலந்தன. ஸ்பீக்கரின் கனத்த ஒலியே தரைவழியாகத் திரும்பிவந்து ஊசியை ஆட்டி மீண்டும் ஸ்பீக்கருக்குள் புகுந்து ஊளையிடுவதும் உண்டு.

இதற்குச் செம்மையான தீர்வு கண்டவர் எட்கார் வில்சர் என்ற அமெரிக்கர். 1954 இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹென்றி குளொஸ் என்பவருடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசேர்ச் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1961 இல் அந்நிறுவனம் வெளியிட்ட ரெக்கோட் பிளேயரில் சுழல்தட்டும் ஊசி தாங்கும் கையும் ஒரே உலோகச் சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தன. அச்சட்டம் மூன்று சுருள்விற்களில் தொங்கியது. மோட்டார் மட்டும் வெளிச்சட்டத்தில் இருந்தது. ஒரு றப்பர்ப் பட்டிதான் அதன் இயக்கத்தைத் தட்டுக்குக் கொண்டுசென்றது. வெளியிலிருந்து எது ஆட்டினாலும் தட்டும் ஊசியும் ஒன்றாகவே அசையும். இரண்டுக்குமிடையில் வேறுபட்ட அசைவு இல்லாதவிடத்து ஊசிக்குக் கேட்பதற்கு எதுவுமில்லை. சுவிட்சர்லாந்தின் தோரென்ஸ் 1965 இலும், ஸ்கொட்லாந்தின் லின் 1970களிலும் இதே வழியைப் பின்பற்றின.

சுருள்வில்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு சுருள்வில்லும் தாங்கும் பாரத்துக்கேற்ப ஓர் இயல்பான ஆட்ட வேகத்தைக் கொண்டது. அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். தன் வேகத்தோடு ஒத்துப்போகும் அதிர்வைத் தடுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும். மனித நடை வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடிகள். மரத்தளமுள்ள வீடுகளில் அது தளத்தை ஊஞ்சலாட்டி, மென்மையான சுருள்விற்களையும் ஆட்டிவிடுகிறது. விலையுயர்ந்த ரெக்கோட் பிளேயர் வைத்திருந்தவர்கள் அதைச் சுவரில் பொருத்திய தட்டில் வைத்ததன் காரணம் இதுவே.

வில்சரைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். தன் பொருளைப் பகிரங்கமாகப் பரீட்சிக்க அவர் அஞ்சவில்லை. அவரது நிறுவனம் மேடையில் நால்வர் வாத்தியக் குழுவொன்றை அமர்த்தி, வாசிப்புக்கு நடுவே கலைஞர்கள் வாசிப்பதுபோல் பாவனை செய்ய, ஸ்பீக்கர்கள் மூலம் பதிவை ஒலிக்கச் செய்தது. எது வாசிப்பு, எது பதிவு என்று சபையோரால் பிரித்தறிய முடியவில்லை. நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அந்நிறுவனம் நடத்திய இசைக்கூடத்தில் கேட்கலாம், வாங்க முடியாது. அங்கு விற்பனை கிடையாது. 1967 இல் நிறுவனத்தை விற்றபின் வில்சர் செவிப்புலன் குறைந்தோருக்கான கருவிகளை ஆராய்ந்தார். ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்துச் சீராக்கும் முறையை 1973 இல் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கோரவில்லை. 2011 இல் காலமானார்.

1982 இல் சீடி வந்தது. இங்கேதான் கதை திசை மாறுகிறது. சீடியில் ஊசி இல்லை. ஒளிக்கதிர் எண்களை வாசிக்கிறது. தட்டில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் நீளத்துக்குத் தொடர்ச்சியாகத் தகவல் அழிந்தாலும் அதை முழுமையாக மீட்கும் கணித ஏற்பாடு அதிலேயே உண்டு. வாசித்த எண்கள் நினைவகத்தில் தங்கி, படிகக் கடிகாரத்தின் தாளத்துக்கே வெளியேறுகின்றன. பலமாகத் தட்டினால் பாட்டு துள்ளும். துள்ளாவிட்டால் எண்கள் சரியாக வந்துவிட்டன என்பதே பொருள். திரான்சிஸ்டர் அம்பிளிபயரிலோ அசைந்து ஒலியைக் கெடுக்கக்கூடிய ஊசியும் இல்லை, கம்பியும் இல்லை. பழைய வால்வு அம்பிளிபயர் வேறு விடயம். வால்வை விரலால் சுண்டினால் ஸ்பீக்கரில் ‘ணங்’ என்று கேட்கும்.

நோய் பெருமளவில் தீர்ந்தது. மருந்துக்கடை மட்டும் மூடப்படவில்லை. ஊசிக்கு உதவிய தத்துவத்தைச் சொல்லியே ஊசியில்லாத பெட்டிகளுக்கும் கூம்புகளும் கோளங்களும் அரிய மரக்கட்டைகளும் விற்கப்படலாயின. அவற்றுள் கூரான உருக்கு முட்கள் அதிர்வைத் தடுப்பனவே அல்ல. அவை பெட்டியைத் தரையோடு இறுகப் பிணைக்கின்றன. எனினும் அதே கடையில் அதே தட்டில் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும். விற்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் கூறவில்லை. பெரும்பாலானோர் தாங்களும் அந்த மாற்றத்தைக் கேட்பதாகவே நம்புகின்றனர். காசு கொடுத்த காதுக்கு எதுவும் கேட்கும். இதற்காகவே எது ஒலிக்கிறதென்று கேட்பவருக்குத் தெரியாமல் ஒப்பிடும் முறையை பெல் ஆய்வுகூடத்தினர் 1950 இலேயே விவரித்தார்கள். 1982 இல் டேவிட் கிளார்க் அம்முறையை வீட்டு ஒலிக்கருவிகளுக்கென விருத்திசெய்து வெளியிட்டார்.

நண்பருக்கு இதையெல்லாம் எழுதி, கால்களைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள் மனைவியின் துணையோடு சோதித்துப் பார்க்கும்படி கேட்டேன். அண்மையில் பதில் வந்தது. அவர் அடுத்த அறையில் நிற்க, மனைவி சீடி பிளேயரின் கால்களை மாற்றியும் மாற்றாமலும் விட்டிருக்கிறார். பன்னிரண்டு தடவைகளில் ஆறு தடவை சரியாகச் சொன்னாராம். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அம்பிளிபயரின் கால்களையும் சேர்த்துக் கடைக்குத் திருப்பிவிட்டார். ஸ்பீக்கர்களுக்கு அடியிலிருந்த மென்மையான கால்களை வைத்துக்கொண்டார். அவற்றால் இசை மாறியதாக அவருக்குத் தெரியவில்லை, ஆனால் தவில் ஒலி நிலத்தினூடே இறங்குகிறதென்று முறையிட்டுவந்த கீழ்வீட்டுக்காரர் இப்போது முறையிடுவதில்லை. ரெக்கோட் பிளேயருக்கு இரண்டு இரும்புத் தாங்கிகளும் ஒரு பலகையும் வாங்கிச் சுவரில் அடித்திருக்கிறார். பேரன் ஓடினாலும் ஊசி துள்ளவில்லையாம்.